மலை இறங்கி வந்த கரை

பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
திருத்தூதர் பணிகள் 5:27-32, 40-41, திருவெளிப்பாடு 5:11-14, யோவான் 21:1-19



இன்றைய நற்செய்தியில் பேதுரு மீன்பிடிக்கக் கிளம்புகிறார். கூட இருந்த ஆறு பேரும் மறுபேச்சில்லாமல் படகில் ஏறிவிடுகிறார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் பேதுருவைக் கண்டிக்கிற விரிவுரையாளர்கள் உண்டு. உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் பார்த்த பிறகும் பழைய தொழிலுக்கே போய்விட்டாரே என்பார்கள். எனக்கு அது ஒத்துவருவதில்லை. கடற்கரையில் பிறந்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எருசலேமில் நடக்கக்கூடாததெல்லாம் நடந்து, கதவைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்து, பிறகு நம்பமுடியாத ஒன்றைப் பார்த்து, சொந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் கை தனக்குத் தெரிந்த வேலையைத்தான் தேடும். வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும். பேதுருவுக்கு மாமியார் உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அவர்கள் திரும்பி வந்ததும் பழைய கரைக்கு அல்ல. அதை நற்செய்தியாளர் யோவான் போகிற போக்கில் காட்டிவிடுகிறார். கலிலேயக் கடலை அவர் திபேரியக் கடல் என்கிறார். ஏறத்தாழ கி.பி. 20ஆம் ஆண்டில் ஏரோது அந்திப்பா அந்த ஏரியின் மேற்குக் கரையில் புதிதாக ஒரு நகரம் கட்டி, உரோமைப் பேரரசன் திபேரியுவின் பெயரை அதற்கு வைத்தான். பேதுருவும் அந்திரேயாவும் வலை இழுத்துப் பழகிய நாட்களிலேயே, கண்ணுக்கெட்டிய தூரத்தில் அந்த நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. கப்பர்நாகூமில் கடலோரமாகவே சுங்கச்சாவடி வந்து, அதில் லேவி உட்கார்ந்திருந்தார். தாத்தா காலத்துக் கடல் பேரரசனின் பெயரில் போய்விட்டது. ஏழு பேரும் அன்று இரவு வலை வீசியது அந்தக் கடலில்தான்.

1986இல் அங்கே கடுமையான வறட்சி. ஏரியின் தண்ணீர் உள்வாங்க, கரைச் சேற்றில் ஒரு பழைய படகின் விளிம்பு தெரிந்தது. பார்த்தவர்கள் மீன்பிடிக்கும் அண்ணன் தம்பி இருவர். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த படகு அது. ஏறத்தாழ 27 அடி நீளம், ஏழரை அடி அகலம். நம் குளச்சல் கரையில் நிற்கிற ஃபைபர் வள்ளத்தின் அளவுதான். பல சாதி மரத்துண்டுகளை வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அது இயேசு ஏறிய படகுதான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒட்டுகளைப் பார்த்தால் அந்தக் கரையில் பணம் புழங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலின் 84ஆம் பத்தியில் ஓர் அழகான சிந்தனை இருக்கிறது. கடவுளோடு நமக்குள்ள நட்பு எப்போதும் சில இடங்களோடு பின்னிக் கிடக்கிறது என்கிறார். மலையில் வளர்ந்தவர்கள், ஊற்றருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர்கள், ஊர்ச் சதுக்கத்தில் விளையாடியவர்கள் மறுபடி அங்கே போனால் தங்களையே கொஞ்சம் மீட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. எனக்கு அதில் ஒரு சந்தேகம். போய்ப் பார்க்கிறபோது அந்த இடமே இல்லை என்றால்?

உங்களுக்குத் தெரியும், நான் பிறந்தது குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர். வீட்டை விற்று எங்கள் குடும்பம் உள்நாட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. திருவிழாவுக்கும் அடக்கத்துக்கும் போவேன். காரில் போய்க் கோவிலோடு திரும்பிவிடுவேன். பெரிய வாரத்துக்கு முன்னால் ஒருநாள்தான் கரைவரை இறங்கி நடந்தேன்.

உங்களில் மூத்தவர்களுக்கு 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படம் நினைவிருக்கும். பாரதிராஜா முட்டத்தில் எடுத்தது. அதில் தெரிகிற பாறையும் மணலும்தான் எங்கள் பக்கத்துக் கடற்கரை. அந்தோணியார் குருசடிக்கு முன்னால் பெரிய மணல்வெளி. காலையில் கரமடி இழுப்பார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிறு இழுக்கிற பெரியவர்களுக்குப் பின்னால் நாங்களும் தொங்குவோம். இழுத்ததாகப் பேர், ஆளுக்கு ஒரு கை நெத்திலியோ காரலோ கிடைக்கும். மணலில் அடும்பங்கொடி படர்ந்திருக்கும், இராவணன் மீசை காலில் குத்தும். மதியத்தில் கறுமணல் கொதிக்கும். ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்துத்தான் கடக்க வேண்டும். அந்தக் கறுமணலுக்கு ஒரு கதை உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்குக் காஸ் விளக்கு மேன்டிலுக்கு அதிலிருந்து எடுக்கும் தோரியம் வேண்டியிருந்தது. எங்கள் கரை மணல் கப்பலேறத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது.

இப்போது குருசடிக்குப் பின்பக்கம் ஊர் இருக்கிறது, முன்பக்கம் கல் இருக்கிறது, கல்லுக்கு அப்பால் நேரே கடல். மணல் இல்லை. வள்ளம் ஏற்றி வைக்க இடம் இல்லாததால் தொழிலுக்குப் போகிறவர்கள் விடியற்காலை பைக்கில் துறைமுகத்துக்குப் போகிறார்கள். அங்கேதான் வள்ளம், அங்கேதான் ஏலம். காலை ஏழு மணிக்கு எங்கள் கரையில் ஆள் இல்லை. வலை பொத்துகிற கூடத்தில் மட்டும் இரண்டு மூன்று முதியவர்கள் இருந்தார்கள்.

கடல் மணலை எடுப்பது புதிது அல்ல. ஆனி, ஆடியில் பெருங்கடல் அடிக்கும்போது மணலை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஊர் சுருங்கியதுபோல் இருக்கும். ஆவணி, புரட்டாசியில் கடல் அடங்கியதும் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போட்டுவிடும். பெரியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். அந்த இடத்தில் வீடு கட்டமாட்டார்கள். கரையோரமாகவும் மணல் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். இடையில் துறைமுகத்துக்கு என்று கடலுக்குள் கல்லை நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். அரிக்கிற ஊருக்குச் சுவர் போடுவார்கள். அலை கல்லில் மோதித் திரும்பும்போது கல்லின் காலடி மணலையும் தோண்டிக்கொண்டு போகும். பிறகு பக்கத்து ஊரும் சுவர் கேட்கும். கேட்காமல் என்ன செய்யும்? தூண்டில் வளைவு வேண்டும் என்று சாலை மறியல் செய்கிற மக்களைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். வீட்டு வாசலில் அலை நிற்கிறவர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தக் கணக்கில் நம்முடைய பங்கும் இருக்கிறது. கடலுக்கு மணல் கொடுப்பது ஆறு. கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தது 1906இல். அந்தத் தண்ணீரில் நாஞ்சில் நாடு நெல் விளைந்தது, பசி தீர்ந்தது; அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அணை தண்ணீரோடு மணலையும் பிடித்துவைக்கும். அணைக்குக் கீழே ஆற்றில் மிஞ்சிய மணலை நாம் வீட்டுக்கு அள்ளினோம். இந்தக் கோவிலின் பழைய சுவரிலும் ஆற்றுமணல்தான் இருக்கிறது.

நான் அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றிருந்தபோது, அடுத்த வீட்டில் இருந்த அத்தை ஒருவர் வந்தார். கடவம் சுமந்து வீடு வீடாக மீன் விற்றவர். நான் சாமியாரான பிறகும் அவருக்கு நான் ‘மக்களே’தான். எவ்வளவு அழகான கரை, இப்படிப் போய்விட்டதே என்று நான் புலம்பினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஒமக்கென்ன மக்களே, மணலு அழகுதான். பொம்பளப் பிள்ளைகளுக்கு அந்த மணலுலதான் எல்லாமும். இருட்டுறவரை அடக்கிக்கிட்டுக் கெடக்கணும். நிலா காஞ்சா அதுக்கும் வழியில்ல. கரை போச்சு, கக்கூசு வந்துச்சு.”

கோவிலில் சொல்லக்கூடிய வார்த்தையா என்று நினைப்பீர்கள். அவர் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் மகள் குவைத்தில் நர்ஸ். பேரன் எஞ்சினியரிங் படிக்கிறான். ஆனி ஆடியில் கட்டுமரம் இறங்காத நாட்களில் கடன் வாங்கிக் கஞ்சி குடித்ததை அவர் மறக்கவில்லை. பழைய கரையை அவர் எனக்காகக்கூட அழகாக நினைத்துப் பார்க்கத் தயாராக இல்லை. அதேநேரம், அரசு கொடுத்த சுனாமிக் குடியிருப்பில் வீடு இருந்தும் பகல் முழுக்க இந்தக் கரையில் வந்துதான் இருக்கிறார். அங்கே காற்று வராது என்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்தக் கல்லைப் பற்றி. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆள் உயரப் பாறைகள். சிலவற்றின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அரைவட்டமாக ஒரு தடம் ஓடுகிறது. வெடி வைக்கக் கம்பிரசர் போட்டுத் துளைத்த குழியின் பாதி அது. உங்களில் கல்குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தடத்துக்குள் இப்போது சிப்பி ஒட்டியிருக்கிறது, சிறு நண்டுகள் ஓடி ஒளிகின்றன. அந்தக் கல் கடலில் பிறந்தது அல்ல. இந்தப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து லாரியில் வந்தது.

என் மாமா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கடலுக்கு அடியில் மீன் அடைகிற பார் எங்கே இருக்கிறது என்று தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. திரும்பிக் கரையைப் பார்ப்பார். வேளிமலையின் ஒரு முனை எங்கள் கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வர வேண்டும். இன்னொரு பக்கம், அடுத்த ஊர்க் கோபுரம் அங்குள்ள தென்னங்கூட்டத்தைவிட்டு ஒரு விரல் அகலம் விலகித் தெரிய வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லை இறக்கினால் கீழே பார் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு மலை என்பது அப்படித்தான். ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அதை நம்பித்தான் சோறு. இன்றைக்கு ஜிபிஎஸ் இருக்கிறது. யாருக்கும் மலையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கோபுரத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், தென்னங்கூட்டம் கடலோடு போய்விட்டது. தூரத்தில் நின்று வழிகாட்டிய குன்றுகள் துண்டு துண்டாக இறங்கி வந்து கரையில் கிடக்கின்றன.

மலைக்காரர்கள் வேறு, கடற்கரைக்காரர்கள் வேறு என்று நம் மாவட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. மறைமாவட்டக் கூட்டங்களில்கூட அந்த வாடை அடிக்கும். அந்தக் கல்லைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சு எனக்கு எடுபடவில்லை.

நற்செய்திக்கு வருவோம். படகில் இருந்த ஏழு பேரின் பட்டியலைக் கவனியுங்கள். சீமோன் பேதுரு, தோமா, கானாவூர் நத்தனியேல், செபதேயுவின் மக்கள் இருவர். மீதி இரண்டு பேருக்குப் பெயர் இல்லை. பேதுருவின் சகோதரர் அந்திரேயாவின் பெயரும் பட்டியலில் இல்லை. பெயர் சொல்லாத இருவரில் அவர் ஒருவராக இருக்கலாம், யோவான் சொல்லவில்லை. எங்கள் கரையில் இதை வாசிக்கும்போது, கடலோடு போனவர்கள் நினைவுக்கு வந்து எனக்கு அங்கேயே குரல் நின்றுவிடும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். அன்று வந்த அலை மணக்குடியில் பாலத்தையே தூக்கி எறிந்தது. குளச்சலில் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனது. அது எல்லோரும் அறிந்தது. அதைவிட என்னைத் துரத்துவது 2017 நவம்பர் 30. திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். மீனவரான அந்தப் புனிதருக்குக் காலையில் திருப்பலி நிறைவேற்றுகிறோம், வெளியே ஒக்கி புயல். ஆழ்கடலுக்கு ஏற்கெனவே போய்விட்ட படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராகக் காத்திருந்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாமல் அடக்கத் திருப்பலி வைப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று கேட்ட பெண்களுக்கு எந்தக் குருமடப் பாடத்திலும் பதில் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில்தான் கரையில் ஒருவர் நிற்கிறார். யார் என்று தெரியவில்லை. இருநூறு முழம் தூரம், இன்னும் சரியாக வெளுக்கவில்லை. மீன் ஏதாவது உண்டா என்று கேட்கிறார். கரையில் நிற்கிற எவரும் வரும் படகைப் பார்த்துக் கேட்கிற கேள்விதான். வலப்பக்கம் வலை போடச் சொல்கிறார். அதிலும் அவர்கள் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரிலும் மேட்டில் ஒருவர் நின்று, தண்ணீரில் மீன் கூட்டத்தின் நிறத்தைப் பார்த்துத் துண்டை வீசிச் சைகை காட்டுவார். படகில் இருப்பவருக்குத் தெரியாதது கரையில் இருப்பவருக்குத் தெரியும். ஆகவே அந்நியர் என்றாலும் சொன்னபடி வலையைப் போட்டார்கள்.

ஆண்டவர் அவர்களுடைய நினைவில் இருந்த கரையில் வந்து நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வலையை விட்டுவிட்டு எழுந்து போன அந்த நாளை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பேரரசனின் பெயர் ஏறிவிட்ட கடலில், ஒன்றும் படாத இரவுக்குப் பிறகு, அன்றைக்குக் கரை எப்படி இருந்ததோ அங்கே நிற்கிறார். முதலில் பார்த்தது அவர்களுடைய வெறும் வலையை. நானும் கரைக்குப் போனது பழைய கரையைத் தேடித்தான். அங்கே இருந்தது அத்தை. அவர் சொன்ன கதை. வலை பொத்துகிற முதியவர்கள். ஆண்டவர் அன்று காலையில் எங்கள் ஊரில் எங்கே நின்றிருப்பார் என்று யாராவது கேட்டால், காணாமல்போன மணல்வெளியைக் காட்ட மாட்டேன். வலைக் கூடத்தைக் காட்டுவேன்.

கரையேறிய பிறகு நடந்ததைப் பாருங்கள். கரிநெருப்பில் மீன் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. இருந்தும் அவர்கள் பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவருக்கு அது தேவையில்லை. கேட்கிறார். பேதுரு போய் வலையை இழுத்துவருகிறார்: 153 மீன். அந்த எண்ணுக்கு மறைநூல் அறிஞர்கள் என்னென்னவோ உள்பொருள் சொல்வார்கள். கரையில் பிறந்தவனுக்கு அந்த விளக்கம் வேண்டாம். ஏழு பேர் தொழில் செய்தால் பங்கு பிரிக்க எண்ணித்தான் ஆக வேண்டும். உயிர்த்த ஆண்டவர் பக்கத்தில் நிற்கும்போதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மீனை எண்ணியிருக்கிறார். எனக்கு அந்த ஆளை மிகவும் பிடிக்கும்.

சாப்பிட்ட பிறகுதான் பேதுருவிடம், என்மீது அன்பு உண்டா என்ற அந்த மூன்று கேள்விகள். அதைத் தொடர்ந்து, இளமையில் நீயே இடையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையில் உன் கையை நீட்டுவாய், வேறொருவர் கட்டி நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிப் போவார் என்ற பொருளில் ஆண்டவர் சொல்கிறார். பேதுருவின் சாவைக் குறித்து அப்படிச் சொன்னதாக யோவான் விளக்குகிறார். கடலோர மக்களுக்கு இது முதுமையிலும் சாவிலும் மட்டும் நடப்பது அல்ல. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களை, நல்லெண்ணத்தோடுதான், அவர்கள் விரும்பாத இடத்துக்குக் கூட்டிப் போனோம். வீடு கட்டிக் கொடுத்தோம். எங்கே கட்டுவது என்று வலை பொத்துகிறவரைக் கேட்டவர்கள் குறைவு. திருச்சபையும் அந்தப் பணியில் கை கொடுத்தது என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பேதுருவை அவர் விரும்பாத இடத்துக்கு அழைக்கும்முன், ஆண்டவர் உட்கார வைத்து உணவு கொடுத்தார், கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார், மூன்றுமுறை.

இரண்டாம் வாசகத்தில் விண்ணிலும் மண்ணிலும் மண்ணுக்கு அடியிலும் உள்ளவற்றோடு கடலில் உள்ள படைப்புகளும் சேர்ந்து ஆட்டுக்குட்டியைப் புகழ்வதை யோவான் கேட்கிறார். கோவிலில் பாடகர் குழு பாடும்போது நாம் கடலைச் சேர்த்துக்கொள்வதில்லை. இன்றைய மன்றாட்டில் இரண்டு கருத்துகளைக் கூட்டியிருக்கிறேன். ஒன்று, இந்த நேரத்தில் ஆழ்கடலில் வலையோடு இருப்பவர்களுக்கு. சில படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்பாது. மற்றொன்று, ஒக்கியில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு.

ஒரு செய்தியும் உண்டு. ஜூன் 1ஆம் தேதி நம் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிடும், கடலும் பெருகும். அதற்கு முன்னால் இளைஞர் இயக்கத்தாரும் விருப்பம் உள்ள பெரியவர்களும் எங்கள் ஊருக்குப் போய் ஒருநாள் இருந்துவரலாம் என்று அந்தப் பங்குத்தந்தையிடம் பேசியிருக்கிறேன். படம் எடுக்கிற சுற்றுலா அல்ல. வலைக் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். சுவருக்குக் கல் வெட்டியவர்கள் இருந்தால் கட்டாயம் வர வேண்டும். மீன்கறி அத்தை பொறுப்பு. மரச்சீனிக் கிழங்கு நம் பங்கிலிருந்து போகிறது. யார் வயலில் பறிக்க இருக்கிறதோ அவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.